டார்ச்சுக்குக் கண்ணாடி மாற்றிய வாரம்

டார்ச்சின் முன்பக்கக் கண்ணாடியைப் பெட்ரோல் போட்டுத் துடைத்தது என் மனைவி. வெளிச்சம் மங்கிவிட்டது என்று பத்து நாளாக வீட்டில் கத்திக்கொண்டிருந்தது நான். யாரைத் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. அன்றைக்கு அவளைத் திட்டினேன்.

கண்ணாடி என்று சொல்கிறேனே தவிர அது பிளாஸ்டிக். உள்ளங்கையில் பாதி இருக்கும். சாந்தன்பாறைப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் ஸ்டோரில் காய் காயவைக்கும் வேலை எனக்கு. அந்த வேலைக்கு வந்த வருஷம் வாங்கிய சார்ஜ் டார்ச் அது. உள்ளே இருக்கும் பேட்டரியை இரண்டு தடவை மாற்றியிருக்கிறேன். கண்ணாடியைத் தொட்டதில்லை. சட்டை நுனியால் ஒரு துடை, அவ்வளவுதான். அடுப்புச் சூடும் புகையும் காயின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அது பால் விடாத கட்டன் சாயா நிறத்துக்கு வந்திருந்தது.

பெட்ரோல் எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஏலக்காய் பறிக்கிறவர்களின் விரலைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டார்கள். காயின் காம்பை ஒடிக்க ஒடிக்க ஒரு பால் வந்து விரலில் ஒட்டும். சாயங்காலத்துக்குள் விரல் தார் பூசினது மாதிரிக் கறுத்துவிடும். சோப்புக்குப் போகாது. களை வெட்டும் இயந்திரத்துக்கு வாங்கிவைத்த பெட்ரோலில் கந்தலை நனைத்துத் தேய்த்தால் போகும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் வரிசையாக உட்கார்ந்து இதைத்தான் செய்வார்கள். மறுநாள் வேதக்கோயிலில் திருவிருந்துக்குக் கையை நீட்ட வேண்டும். கறுத்த விரலை நீட்ட யாருக்கும் மனசு வராது.

அந்தச் சனிக்கிழமை என் மனைவி தன் விரல்களை முடித்துவிட்டு, அதே கந்தலால் என் டார்ச்சையும் தேய்த்துவிட்டாள். ஏலக்காய்ப் பிசுக்குத்தானே, விரலில் போவது கண்ணாடியில் போகாதா என்று நினைத்திருக்கிறாள். பிசுக்கு போனது உண்மை, பிளாஸ்டிக்கில் ஊறின சாயா நிறம் போகவில்லை. ஞாயிறு காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். விரிசலும் இல்லை, உடைவும் இல்லை. உள்ளுக்குள்ளேயே நொறுங்கினது மாதிரி இருந்தது. வெளிச்சம் போட்டால் சுவரில் திட்டுத்திட்டாக விழுந்தது.

“ஏட்டி, என்ன பண்ணித் தொலைச்ச?”

“சுத்தம் பண்ணினேன். நீங்கதானே மங்கலா இருக்குன்னு உயிரை எடுத்தீங்க.”

“பெட்ரோல் போடச் சொன்னேனா?”

“போடாதன்னு சொன்னீங்களா?”

கோயிலுக்குப் போகாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு பூப்பாறைக்கு ஜீப் ஏறினேன்.

அங்கே போன், ரேடியோ, மிக்ஸி என்று எது கொடுத்தாலும் பிரித்துப் போடுகிற கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். டார்ச்சின் கழுத்து வளையத்தைத் திருகப் பார்த்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது. சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடித்துத் திருகினார், கழன்றது. உள்ளே ஒரு ரப்பர் வளையம், அதன்மேல் கண்ணாடி, அதற்குப் பின்னால் வெள்ளி பூசிய கிண்ணம். நான் அந்தக் கிண்ணத்தைத் துடைக்க விரலைக் கொண்டுபோனேன். கையைத் தட்டிவிட்டார்.

“உள்ள இருக்கிற வெள்ளியைத் தொடாதீங்க. தொட்டா உங்க ரேகைதான் நிக்கும், வெள்ளி நிக்காது. ஊதி விடுங்க, போதும்.”

“இந்தக் கண்ணாடி தனியாக் கிடைக்குமா?”

“இதைச் செஞ்ச கம்பெனியே இப்ப இருக்கோ என்னமோ. செத்த டார்ச் ஒண்ணு கிடக்கு, அதுல இருந்து எடுத்துத் தாரேன்.”

செத்த டார்ச்சின் கண்ணாடி ஒரு நூல் பெரியது. ஓரத்தைக் கல்லில் உரசி உரசிச் சிறிதாக்கினார். சோப்புத் தண்ணீரில் கழுவி, பஞ்சால் ஒற்றி, ரப்பரை வைத்து வளையத்தைத் திருகினார். இனி அழுக்கானால் சோப்புத் தண்ணீர் மட்டும், வேறு எதுவும் படக் கூடாது என்றார். வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளை. எதிர்க்கடைப் பலகையில் இருக்கும் சின்ன எழுத்துகூடத் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். அவர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பழைய கண்ணாடியை வேலைக்குப் போடும் சட்டைப் பையில் போட்டு மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை வந்த காய் செவ்வாய்க்கிழமை மஞ்சளாகி வெளியே வந்தது.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டோரின் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. தரையில் இரும்புக் குழாய்கள். வெளியே அடுப்பில் விறகு எரித்தால் குழாய் சூடாகி அறை சூடாகும். அறை முழுக்கக் கம்பிவலைத் தட்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். பறித்த காயைக் கழுவி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, தட்டுகளில் பரப்பிக் கதவைச் சாத்தினால் மறுநாள் வரைக்கும் மெதுவான சூடு. ஈரம் போன பிறகு கடைசி இரண்டு மணிநேரம் சூட்டைக் கூட்ட வேண்டும். ஈரம் இருக்கும்போதே கூட்டினால் காய் வெந்து மஞ்சளாகிவிடும். மஞ்சள் காயை ஏலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பச்சையாக வந்தால்தான் காய்.

எப்போது கூட்டுவது என்று தெரிந்தவன்தான் ஸ்டோர்க்காரன். மீட்டர் சூட்டைச் சொல்லும், ஈரத்தைச் சொல்லாது. காயின் நிறம்தான் சொல்லும். ஈரக் காய் கரும்பச்சை, காய்ந்த காய் வெளிர்பச்சை. பெரிய கதவைத் திறக்கக் கூடாது, வெளியே இருக்கும் குளிர்ந்த மூடுபனி உள்ளே போனால் காய் வேர்த்துக் கறுத்துவிடும் என்பது இங்கே எல்லா ஸ்டோரிலும் உள்ள சட்டம். நெஞ்சு உயரத்தில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதைத் திறந்து டார்ச்சை அடித்துப் பின்வரிசைத் தட்டுகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பதினோரு வருஷமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணக்குத் தப்பினது கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் பார்த்தேன். காய் நன்றாக வெளுத்திருந்தது. வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் முன்னாலேயே வெளுத்திருந்தது. விறகு நல்ல விறகு போல என்று நினைத்துச் சூட்டைக் கூட்டினேன்.

காய் தரம் பிரிக்கும் பெண்கள் ஸ்டோரின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்தவள் எனக்குத் தங்கை முறை ஆக வேண்டும். முதல் மூட்டையைக் கொட்டியதும் அவள் ஒரு காயை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“அண்ணே, இது ஏலக்காயா, மாங்கா வத்தலா?”

“வாயை மூடிக்கிட்டுப் பொறுக்கு.”

“வாயை மூடிருவேன். மூக்கை என்ன செய்ய? வெந்த வாடை குப்புன்னு வருது.”

சூப்பர்வைசர் வந்தார். கட்டப்பனைப் பக்கத்து மலையாளி, என்னைவிட இருபது வயது சின்னவர். எங்களோடு பேசிப் பேசி இரண்டு பாஷையும் கலந்த ஒரு பாஷை பேசுவார்.

“அண்ணாச்சி, இது எந்தா? போன லோடு கிளிப்பச்சை. இது பழுத்த எலை மாதிரி இருக்கு.”

“விறகு ஈரம் சார். சூடு ஏறி ஏறி இறங்கிருச்சு.”

பொய் இல்லை, அப்படித்தான் நம்பினேன். காலையில் நல்ல விறகு என்று நினைத்தவனும் நான்தான். அடுத்த லோடுக்கு விறகை மாற்றினேன். சோடாவைப் புதிதாகக் கரைத்தேன். மீட்டரைக் கழற்றி வெந்நீரில் வைத்துச் சரிபார்த்தேன். காற்று வெளியேறும் துவாரங்களில் ஏறி ஒட்டடை அடித்தேன். மழை நனைந்த காய் கலந்திருக்குமோ என்று பறிக்கிறவர்களிடம் போய்ச் சண்டை போட்டேன். செய்யாதது எதுவும் இல்லை. வியாழக்கிழமை அந்த லோடும் மஞ்சள். முதல் லோடைவிட ஒரு படி கூடுதல் மஞ்சள்.

சூப்பர்வைசர் இந்தத் தடவை காயைக் கையில்கூட எடுக்கவில்லை.

“அண்ணாச்சி, எனக்கு உங்களோட பிணக்கம் ஒண்ணும் இல்ல. பக்ஷே மொதலாளி கேட்டா நான் எந்து பறையும், என்ன சொல்ல? நாளைக்கு எறக்குற லோடும் இதே மாதிரின்னா, நீங்க திங்கக்கிழமை முதல் மருந்தடிக்குப் போய்க்கோ. ஆனைக்கரையில ஒரு ஸ்டோர்காரர் இருக்கு, அவரை வரச் சொல்லியிருக்கேன்.”

மருந்தடி என்றால் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு ஏலச்செடிக்கு மருந்து அடிப்பது. ஸ்டோருக்கு வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் அடித்தேன். ஆறாவது வருஷம் ரத்தம் வருகிற அளவுக்கு இருமினேன். இனி மருந்துக் காற்று பட்டால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், முந்தின சூப்பர்வைசர் காலைப் பிடித்து ஸ்டோருக்குள் வந்தேன். மருந்தடிக்குப் போ என்றால் எனக்கு என்ன அர்த்தம் என்று இந்தச் சின்னப் பையனுக்குத் தெரியாது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அவளிடம் பாய்ந்தேன்.

“நீ அந்த டார்ச்சைத் தொட்ட நாளில இருந்துதான் எனக்கு இந்தக் கேடு.”

“நான் டார்ச்சைத் தொட்டேன். காயையா தொட்டேன்?”

“எல்லாம் அதுல இருந்துதான்.”

“டார்ச்சுக் கண்ணாடி மாறினா காய் வேகுமா? என்னத்தையாவது பேசணும்னு பேசாதீங்க. சாப்பிடுங்க.”

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கண்ணாடிக்கும் காய்க்கும் என்ன சம்பந்தம்? நான் ராசியை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். சொன்ன எனக்கே வெட்கமாக இருந்தது. ராசி பார்க்காதே என்று கோயிலில் வருஷக்கணக்காகக் கேட்டவன் நான். பிறகு அவள் தட்டைப் பார்த்தபடியே, “மருந்தடிக்கு நீங்க போகக் கூடாது, நான் போய்ப் பேசட்டா?” என்றாள். நீ ஒன்றும் பேச வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். எனக்கு எது தப்பாகப் போகிறது என்றே தெரியவில்லை. அவள் போய் என்னத்தைப் பேசுவாள்?

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சின்னக் கதவைத் திறந்து டார்ச்சை அடித்தேன். காய் வெளுத்திருந்தது. பதினோரு வருஷத்துப் பழக்கம் உள்ளே இருந்து கூட்டு, கூட்டு என்றது. அடுப்புக்குப் போனேன். விறகைக் கையில் எடுத்துவிட்டு வைத்தேன். திரும்பி வந்து பார்த்தேன். வெளுத்துத்தான் இருந்தது. மறுபடி அடுப்புக்குப் போனேன். இப்படி மூன்று நடை.

தங்கச்சி முன்பக்கத்தில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, பூனைக்குட்டி மாதிரி அங்கயும் இங்கயும்?”

“காய் ரெடியா இல்லையான்னு தெரியல.”

“உங்களுக்குத் தெரியலையா? பழைய கண்ணாடிக்குத்தான் ராசி போல. அதையே மாட்டிக்கிடுங்க.”

அவள் கிண்டலுக்குச் சொன்னாள். என் கை சட்டைப் பைக்குப் போனது. காகிதம் அங்கேதான் இருந்தது. கோபத்தில்தான் செய்தேன், யோசித்துச் செய்யவில்லை. பழைய கண்ணாடியை எடுத்து டார்ச்சின் முகத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே அடித்தேன்.

காய் கரும்பச்சையாக இருந்தது.

கண்ணாடியை எடுத்தேன், வெளிர்பச்சை. வைத்தேன், கரும்பச்சை. பத்துத் தடவை வைத்து எடுத்திருப்பேன். கீறல் விழுந்து வெளிச்சம் திட்டுத்திட்டாக இருந்தாலும் நிறம் எனக்குத் தெரிந்த நிறம்தான். பதினோரு வருஷம் பார்த்த நிறம். இன்னும் ஈரம், இப்போது தொடாதே என்று சொல்லும் நிறம்.

தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“இப்ப எப்படித் தெரியுது?”

“காஞ்ச மாதிரி இருக்கு.”

“இப்ப?”

“ஈரமா இருக்கு.” நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “ஏண்ணே, இது என்ன வித்தை?”

“எது சரி?”

“என்கிட்டயா கேக்கீங்க? உங்க வேலை. வெளிய ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்துல பாத்துர வேண்டியதுதானே?”

“பெரிய கதவைத் திறந்தா காய் வேர்த்துரும்.”

“திறந்து பாத்திருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’ எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் திறக்காதே என்றார், திறக்கவில்லை. அவருக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் திங்கட்கிழமை முதுகில் டாங்கி ஏறப்போகிறவன் நான். பெரிய கதவின் தாழ்ப்பாளை இழுத்தேன்.

சூடான ஆவி முகத்தில் அடித்தது. அந்த ஆவி ஈரமாக இருந்தது. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், புரியவில்லை. பின்வரிசையில் நடுத்தட்டு ஒன்றை உருவிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். மூடுபனி இறங்கியிருந்தது, ஆனாலும் பகல் வெளிச்சம். தட்டைத் தரையில் வைத்துக் குனிந்தேன்.

அது மூன்றாவது நிறம். பழைய கண்ணாடி காட்டிய கரும்பச்சையும் இல்லை, புதுக் கண்ணாடி காட்டிய வெளிர்பச்சையும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஒரே காய். மூன்று பச்சை. இதில் எந்தப் பச்சையை நான் பதினோரு வருஷமாகக் காய்ந்துவிட்டது என்று சொன்னேன்? ஏலத்துக்குப் போனது எந்தப் பச்சை?

நிறத்தை விட்டுவிட்டு ஒரு காயை நகத்தால் கிழித்தேன். உள்ளே விதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று இருந்தது. ஈரம். நல்ல ஈரம். நான் பத்து மணிக்குச் சூட்டைக் கூட்டியிருந்தால் இந்த லோடும் வெந்திருக்கும்.

அப்போதுதான் சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார். திறந்து கிடந்த கதவைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“அய்யோ, எந்தா செய்யுன்னது? வாதில் அடைக்கு, கதவைச் சாத்து! காய் முழுக்க வேர்த்துப் போகும்! அண்ணாச்சிக்குக் கிறுக்கா?”

“ஆமா சார், கிறுக்குத்தான். அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க.”

அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. தட்டை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். காயை அவர் கையில் கொடுத்து விதையைக் காட்டினேன். டார்ச்சைப் போட்டுப் பழைய கண்ணாடியை வைத்து எடுத்துக் காட்டினேன். கண்ணாடி பழுப்பாக இருந்ததால் எனக்குக் காய் எப்போதும் இருட்டாகத் தெரிந்தது, அந்த இருட்டுக்குப் பழகி அதிலேயே கணக்குப் போட்டேன், இப்போது வெள்ளைக் கண்ணாடியில் ஈரக் காயே காய்ந்த காய் மாதிரித் தெரிகிறது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது சரியா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கண்ணாடி ஒரே நாளில் பழுப்பாகவில்லையே. வாங்கின புதிதில் அதுவும் வெள்ளைதானே. அப்போது எப்படிப் பார்த்தேன்? அதோடு சேர்ந்து என் கணக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்ததா? நகர்ந்தது எனக்கே தெரியாமலா?

சூப்பர்வைசர் சிரித்தார்.

“அப்போ மொதலாளிகிட்ட கண்ணாடி வெந்து போச்சுன்னு பறையட்டே?”

“நீங்க என்னத்தையும் பறைங்க. இந்த லோடை நான் எறக்குற வரைக்கும் சும்மா இருங்க.”

அவர் போகவில்லை. தங்கச்சிக்குப் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு மணிக்கு மறுபடி பெரிய கதவைத் திறந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். காயைக் கிழித்தேன், விதை இன்னும் கொஞ்சம் ஒட்டியது. ஒன்றரைக்குத் திறந்தேன். காயைக் காதருகே ஆட்டினால் விதை உள்ளே கலகலத்தது. அதன் பிறகுதான் சூட்டைக் கூட்டினேன். அந்த இரண்டு மணிநேரமும் நான் சின்னக் கதவுப் பக்கமே போகவில்லை. டார்ச்சைப் பார்க்கவே பயமாக இருந்தது. வேலை தெரியாதவன் வேறு யாருடைய ஸ்டோருக்குள்ளோ வந்து நிற்பது மாதிரி நின்றேன்.

நாலு மணிக்குத் தட்டுகளை இறக்கினோம். கதவோரத்து இரண்டு தட்டுகளில் காய் கொஞ்சம் மங்கல். கதவைத் திறந்ததாலா, எப்போதுமே கதவோரம் அப்படித்தானா என்று தெரியவில்லை. நான் இதுவரை தட்டு வாரியாகப் பார்த்ததே இல்லை. மற்ற எல்லாத் தட்டிலும் பச்சை. தங்கச்சி இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள்.

“இது நல்லாருக்குண்ணே,” என்று மட்டும் சொன்னாள்.

சூப்பர்வைசர் ஒரு காயைக் கடித்தார். இன்னொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கதவோரத்துத் தட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். மலையாளத்தில் பேசினார். எனக்குக் காது அங்கேயே இருந்தது.

“ஆ, ஞான் தன்னே. திங்களாழ்ச வரண்டா. இல்ல, இப்போ வேண்டா. பின்னே விளிக்காம்.”

ஆனைக்கரைக்காரரை வர வேண்டாம் என்று சொல்கிறார் என்று புரிந்தது. இப்போது வேண்டாம், பிறகு கூப்பிடுகிறேன் என்றார், வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மருந்தடிக்குப் போக வேண்டியதில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் பதினோரு வருஷமாக எனக்குத் தெரிந்ததாக நினைத்த ஒன்று எனக்குத் தெரியவே தெரியாதோ என்ற யோசனைதான் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

போனை வைத்துவிட்டு அவர் வந்தார்.

“அண்ணாச்சி, அடுத்த லோடு எப்படிப் பாக்கும்? பழைய கண்ணாடியா, புதுசா?”

“தெரியாது சார்.”

“தெரியாதுன்னா?”

“தெரியாதுன்னா தெரியாது. காயைக் கிழிச்சுக் கிழிச்சுப் பாத்துப் படிக்கணும். ஒரு மாசம் ஆகும். கதவைத் திறப்பேன், நீங்க கத்தக் கூடாது.”

அவர் ஒரு காயை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். ஒரு மாசம் என்றால் இருபது லோடு, அதில் எத்தனை மஞ்சளாகும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிராக்டர் மேலே மூன்றாவது வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பறித்த காய் வருகிறது.

“சரி, கத்தல,” என்றார். “கழுவ ஆளைக் கூப்பிடு.”

நான் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிடப் போனேன்.